ஹாஃப் டன் போதுமா, ஹெவி டியூட்டி வேண்டுமா? டிரெய்லர் இழுக்க டிரக் வாங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் டிரெய்லர் வாங்கி முகாமுக்குக் கிளம்பும் நம் குடும்பங்கள் கூடிக்கொண்டே வருகின்றன. கேம்ப்கிரவுண்டில், பிறந்தநாள் விருந்தில், சில சமயம் டீலர் கடையில் நின்றபடியே போனில், என்னிடம் வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைச் சேர்த்திருக்கிறேன். அவசரம் என்றால் 3-ஆம் கேள்வியை மட்டுமாவது படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

1. ஹாஃப் டன், முக்கால் டன், ஒரு டன்னுன்னு சொல்றாங்களே, அது என்ன கணக்கு?

பழைய கணக்கு. ஒரு காலத்தில் ஹாஃப் டன் டிரக் ஏறக்குறைய 1,000 பவுண்டு சுமக்கும், முக்கால் டன் 1,500, ஒரு டன் 2,000 என்று பொருள். இன்றைக்கு எல்லாமே அதைவிட அதிகம் சுமக்கின்றன, பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. ஃபோர்டு எஃப்-150, செவி சில்வராடோ 1500, ராம் 1500, டொயோட்டா டன்ட்ரா ஆகியவை ஹாஃப் டன். எஃப்-250, சில்வராடோ 2500 எச்டி, ராம் 2500 ஆகியவை முக்கால் டன். எஃப்-350, 3500 வரிசை எல்லாம் ஒரு டன். ஹாஃப் டன்னை லைட் டியூட்டி என்றும் மற்ற இரண்டையும் ஹெவி டியூட்டி என்றும் சொல்கிறோம்.

இந்தப் பக்கம் முழுக்க ஒரு சொல் வரும்: ஜிவிடபிள்யூஆர். வண்டி, எரிபொருள், ஆட்கள், சாமான், டிரெய்லர் ஹிட்ச்சின் (டிரக்கின் பின்னால் டிரெய்லரை மாட்டும் சாதனம்) மேல் அழுத்தும் எடை, எல்லாம் சேர்த்து அந்த டிரக் தாங்கலாம் என்று தயாரிப்பாளர் வைத்திருக்கும் உச்ச எடை அது. அமெரிக்காவில் இது 8,500 பவுண்டுக்குள் இருந்தால் லைட் டியூட்டி, தாண்டினால் ஹெவி டியூட்டி என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

2. எஃப்-150 விளம்பரத்துல 13,000 பவுண்டுக்கு மேல இழுக்கும்னு போட்டிருக்கே. என் டிரெய்லர் 8,000 தான். அப்புறம் எதுக்கு ஹெவி டியூட்டி?

அந்த எண் பொய் இல்லை. ஆனால் அது எந்த டிரக்கின் எண் என்று பார்க்க வேண்டும். குறிப்பிட்ட இன்ஜின், குறிப்பிட்ட கேபின், பின் அச்சில் குறிப்பிட்ட கியர் விகிதம், அதிகபட்ச டோயிங் (இழுவை) பேக்கேஜ், இவை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த ஒரு டிரக்கின் எண் அது. கடையில் நிற்கும் டிரக், சன்ரூஃபும் தோல் சீட்டும் நான்கு சக்கர இயக்கமும் போட்டது, அதே பெயரில் இருந்தாலும் வேறு வண்டி.

அந்த எண் எப்படி வருகிறது என்று தெரிந்தால் இன்னும் தெளிவாகும். எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் அமைப்பு வகுத்த ஜே2807 என்று ஒரு சோதனை முறை இருக்கிறது. முதலில் அதை ஏற்றுக்கொண்டது டொயோட்டா, 2011 மாடல் டன்ட்ராவுக்கு. மற்ற கம்பெனிகள் சில ஆண்டுகள் கழித்துச் சேர்ந்தன. அரிசோனாவில் புல்ஹெட் சிட்டிக்குப் பக்கத்தில் டேவிஸ் டேம் கிரேடு என்ற ஏற்றம் இருக்கிறது, 11.4 மைல். 100 டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலில் ஏசியை முழுசாக வைத்து டிரெய்லரோடு ஏற வேண்டும். பின்பக்கம் ஒற்றைச் சக்கர டிரக் என்றால் வேகம் 40 மைலுக்குக் கீழே விழக்கூடாது. கடுமையான, நியாயமான சோதனை. ஆனால் அந்தக் கணக்கில் டிரக்கில் இருப்பது தலா 150 பவுண்டு எடையுள்ள இரண்டே பேர், டிரெய்லர் ஹிட்ச்சின் மேல் அழுத்துவது அதன் எடையில் 10 சதவீதம் மட்டும். உங்கள் வீட்டில் நான்கு பேர், பின்னால் ஐஸ் பெட்டி, ஜெனரேட்டர், விறகு. அதனால்தான் விளம்பர எண் உங்களுக்குப் பொருந்துவதில்லை.

3. அப்போ நான் எந்த எண்ணைப் பாக்கணும்?

ஓட்டுநர் கதவைத் திறங்கள். கதவுச் சட்டத்தில் டயர் அழுத்தம் எழுதியிருக்கும் மஞ்சள் நிறம் கலந்த ஸ்டிக்கர் இருக்கும். அதில் ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது என்று ஒரு வரி உண்டு. அதுதான் பேலோடு. ஒரு மாடலுக்குப் பொதுவாகப் போட்ட எண் இல்லை, உங்கள் கையில் இருக்கும் அதே டிரக்குக்கான எண். ஹாஃப் டன் டிரக்குகளில் 1,100-இலிருந்து 1,900 வரை எதுவும் இருக்கலாம். ஆடம்பரம் கூடக்கூட இது குறையும்.

இப்போது ஒரு கணக்கு. ஸ்டிக்கரில் 1,500 என்று வைத்துக்கொள்வோம். அப்பா 180, அம்மா 140, பிள்ளைகள் 90, 60. ஆக 470. பின்பெட்டியில் சாமான் 200. ஹிட்ச் சாதனம் 100. மொத்தம் 770. மீதி 730 பவுண்டு. இந்த 730-தான் டிரெய்லரின் மூக்கு உங்கள் டிரக்கின் மேல் அழுத்த அனுமதி உள்ள எடை. இதை டங் வெயிட் என்பார்கள். டிராவல் டிரெய்லர் ஒழுங்காக ஓட வேண்டுமானால் அதன் எடையில் 10-இலிருந்து 15 சதவீதம் மூக்கில் இருக்க வேண்டும். 13 என்று எடுத்தால், 730-ஐ 0.13-ஆல் வகுக்க 5,600 பவுண்டு சொச்சம் வருகிறது. இதே டிரக்கின் விளம்பரத்தில் 11,000 இருந்திருக்கும். உங்கள் குடும்பத்துக்கு அதில் ஏறக்குறைய பாதிதான்.

என் முதல் டிரக்கை வாங்கும்போது இந்தக் கணக்கை எனக்கு யாரும் சொல்லவில்லை. விற்பனையாளர் பத்தாயிரத்துக்கு மேல் இழுக்கும் என்றார், நம்பினேன். ஸ்டிக்கரில் 1,340 என்று இருந்ததை வாங்கி மூன்று மாதம் கழித்துத்தான் பார்த்தேன். முதல் பயணத்தில் டிரக்கின் பின்பக்கம் அமுங்கி மூக்கு மேலே தூக்கிக்கொண்டது. ராத்திரியில் எதிரே வந்தவர்கள் எல்லாரும் விளக்கைச் சிமிட்டினார்கள். ஸ்டீரிங் கையில் லேசாகிவிட்டது. பின் சீட்டில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த இரண்டு மணி நேரம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

4. டிரெய்லர் பிரோஷர்ல 4,800 பவுண்டுன்னுதானே போட்டிருக்கு? அப்போ ஹாஃப் டன்லயே வந்துடுமே?

அது காலி எடையாக இருக்கும். தண்ணீர் இல்லை, சாமான் இல்லை, பல சமயம் பேட்டரியும் புரொப்பேன் வாயுவும்கூட இல்லை. ஒரு கேலன் தண்ணீர் 8.3 பவுண்டு. 40 கேலன் தொட்டியை நிரப்பினால் 330 பவுண்டு அங்கேயே ஏறிவிட்டது. அப்புறம் பாத்திரம், அரிசி, போர்வை, நாற்காலி, சைக்கிள். காலி எடையோடு 1,000 பவுண்டு கூடுவது மிகச் சாதாரணம்.

நான் எப்போதும் டிரெய்லரின் ஜிவிடபிள்யூஆரை வைத்துத்தான் கணக்குப் போடுவேன், அதாவது டிரெய்லரின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் இருக்கும் உச்ச எடை. இன்றைக்கு அவ்வளவு ஏற்றாவிட்டாலும் இரண்டாவது கோடையில் அங்கே வந்து நிற்கும். 4,800 பவுண்டு டிரெய்லருக்கு அது 6,500 அளவில் இருக்கலாம். 3-ஆம் பதிலில் வந்த 5,600-ஐ அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

5. ஹாஃப் டன் இன்ஜினே 400 குதிரைத் திறன் தருதே. ஹெவி டியூட்டில அப்படி என்ன பெருசா இருக்கு?

இன்ஜினை வைத்து இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் பலரும் செய்யும் தவறு. எஃப்-150-இல் வரும் 3.5 லிட்டர் ஈகோபூஸ்ட் இன்ஜினுக்கு 500 பவுண்டு-அடி முறுக்குவிசை. எஃப்-250-இல் வரும் 7.3 லிட்டர் பெட்ரோல் இன்ஜினுக்கு அதைவிடச் சற்றுக் குறைவு. இழுப்பது மட்டும்தான் வேலை என்றால் ஹாஃப் டன்னே ஜெயிக்கும்.

வித்தியாசம் இன்ஜினுக்குக் கீழே இருக்கிறது. ஹெவி டியூட்டியின் அடிச்சட்டம் தடிமன், பின் ஸ்பிரிங் கனம், பிரேக் தட்டு பெரியது. டயர் லோடு ரேஞ்ச் இ வகை, பின்பக்கம் 80 பிஎஸ்ஐ வரை காற்று பிடிப்பது. சக்கரத்தில் எட்டு நட்டு. தெருவில் நிற்கும் டிரக் எந்த வகை என்று தெரியாவிட்டால் நட்டை எண்ணிப் பாருங்கள், இன்றைய ஹாஃப் டன்களில் ஆறுதான் இருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத பெரிய வித்தியாசம் பின் அச்சு. ஹாஃப் டன்னில் சக்கரத்தைச் சுழற்றும் அச்சுத்தண்டே வண்டியின் எடையையும் தாங்க வேண்டும். ஹெவி டியூட்டியில் எடையைத் தாங்குவது வெளிக்கூடு, தண்டுக்கு வேலை சுழற்றுவது மட்டும். ஃபுல் ஃப்ளோட்டிங் ஆக்ஸில் என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். 8,000 பவுண்டை ஒரு நாள் இழுப்பதற்கும் பத்து வருஷம் இழுப்பதற்கும் உள்ள வித்தியாசம் இந்த இடத்தில் தெரியும்.

6. சரி, சுத்தி வளைக்காம சொல்லுங்க. எத்தனை பவுண்டுக்கு மேல போனா ஹெவி டியூட்டி வாங்கணும்?

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு என் கணக்கு இது. சாமான், தண்ணீர் எல்லாம் ஏற்றிய டிரெய்லர் 6,000 பவுண்டுக்குள் என்றால் நல்ல பேலோடு உள்ள ஹாஃப் டன் போதும், நிம்மதியாக வாங்கலாம். 6,000-க்கும் 8,000-க்கும் நடுவே என்றால் ஸ்டிக்கர்தான் முடிவு செய்ய வேண்டும். 1,800-க்கு மேல் பேலோடு உள்ள ஹாஃப் டன் கிடைத்தால் சரி, 1,400 என்றால் வேண்டாம். 8,000-ஐத் தாண்டினால் ஹெவி டியூட்டிக்குப் போய்விடுங்கள். தனியாகப் படகு இழுக்கிறவருக்கு இந்த எல்லை கொஞ்சம் தள்ளியே இருக்கும். படகின் மூக்கு எடை குறைவு, காற்றையும் அவ்வளவாகத் தடுக்காது.

காற்றுத் தடையை எடைக்குச் சமமாகவே எண்ணுங்கள். செவ்வகப் பெட்டி போன்ற டிராவல் டிரெய்லர் நெடுஞ்சாலையில் ஒரு சுவரை இழுப்பது போல. உரிமையாளர் கையேட்டில் டிரெய்லரின் முகப்புப் பரப்புக்கே ஒரு வரம்பு போட்டிருக்கும், அதையும் ஒரு தடவை பாருங்கள்.

7. ஹெவி டியூட்டின்னா டீசல்தானே எடுக்கணும்?

கட்டாயமில்லை. இங்கே ஒரு பொறி இருக்கிறது, என் நண்பர்களில் இரண்டு பேர் விழுந்திருக்கிறார்கள். டீசல் இன்ஜின் பெட்ரோல் இன்ஜினைவிடப் பல நூறு பவுண்டு அதிக எடை. பல முக்கால் டன் டிரக்குகளின் ஜிவிடபிள்யூஆரைத் தயாரிப்பாளர்கள் 10,000 பவுண்டிலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வண்டியின் எடை ஏறினால் பேலோடு இறங்கும். அதனால் நான்கு கதவுள்ள டீசல் முக்கால் டன்னில் ஸ்டிக்கர் எண் 2,000 சொச்சமாக இருப்பது அபூர்வமில்லை. நல்ல ஹாஃப் டன் ஒன்று அதற்குப் பக்கத்திலேயே வந்துவிடும். அதே டிரக்கின் ஒரு டன் வடிவம், எஃப்-350 அல்லது 3500, வெளித்தோற்றத்தில் அண்ணன் தம்பி போல இருக்கும், விலையும் கொஞ்சம்தான் கூடும், பேலோடு மட்டும் நன்றாக எகிறும். டீசல்தான் வேண்டும் என்று முடிவு செய்தவர்களுக்கு ஒரு டன்னைத்தான் நான் சொல்வேன்.

டீசலுக்கு 10,000 டாலர் அளவிலோ அதற்கு மேலோ கூடுதல் விலை, புகையைச் சுத்தம் செய்யும் டெஃப் திரவம் ஊற்ற வேண்டும், ஆயிலும் ஃபில்டரும் அதிகச் செலவு. அக்கம்பக்கத்துக்கு மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தால் புகை வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் அளவுக்குச் சூடாகாமல் அடைத்துக்கொள்ளும். வருஷத்தில் நாலைந்து பயணம், 9,000 பவுண்டு டிரெய்லர் என்றால் பெட்ரோல் முக்கால் டன் எடுங்கள். 12,000-க்கு மேல் இழுக்கிறீர்கள், மலைநாடு, மாதம் இரண்டு தடவை கிளம்புகிறீர்கள் என்றால் டீசல் தன் விலையைத் திருப்பித் தரும்.

8. மலையில ஏறும்போதுதான் பயமா இருக்கு. அதுக்கு எது நல்லது?

ஏறுவதைவிட இறங்குவதற்குத்தான் பயப்பட வேண்டும். ஏற்றத்தில் திணறினால் வலது லேனில் 40 மைலில் போகலாம், யாருக்கும் எதுவும் ஆகாது. இறக்கத்தில் பிரேக் சூடாகிப் பிடிப்பு போய்விட்டால் நிறுத்த வழியில்லை. டீசல் ஹெவி டியூட்டியில் வரும் எக்ஸாஸ்ட் பிரேக் இங்கேதான் உதவுகிறது. புகைப் போக்கைக் கட்டுப்படுத்தி இன்ஜினையே பிரேக்காக மாற்றும். கால் பிரேக்கை அதிகம் தொடாமலே நீளமான இறக்கத்தை முடித்துவிடலாம். பெட்ரோல் டிரக்கில் டிரெய்லர் இழுப்பதற்கென்றே இருக்கும் டோ/ஹால் மோடைப் போட்டு, இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்றத்தில் இன்னொன்றும் உண்டு. டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வோர் ஆயிரம் அடி உயரத்துக்கும் சுமார் 3 சதவீதம் சக்தி இழக்கும். கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலையில் இருக்கும் ஐசன்ஹோவர் சுரங்கம் 11,000 அடிக்கு மேலே. அங்கே போய்ச் சேரும்போது இன்ஜினின் மூன்றில் ஒரு பங்கு சக்தி காணாமல் போயிருக்கும். டர்போ இன்ஜின்களுக்கு இந்த இழப்பு மிகக் குறைவு, அது ஹாஃப் டன் ஈகோபூஸ்ட் ஆனாலும் சரி, டீசல் ஆனாலும் சரி.

9. பின்னால ஏர் பேக் போட்டுட்டா ஹாஃப் டன்னே தாங்கும்னு ஒருத்தர் சொன்னார். உண்மையா?

பின் ஸ்பிரிங்கோடு பொருத்தும் காற்றுப் பையைத்தான் சொல்கிறார். அதைப் போட்டால் டிரக் நேராக நிற்கும். தாங்கும் அளவு ஒரு பவுண்டுகூட ஏறாது. அச்சு அதேதான், பிரேக் அதேதான், சட்டம் அதேதான். கதவு ஸ்டிக்கர் மாறுவதில்லை. அமுங்குவது கண்ணுக்குத் தெரியாமல் போவதால் ஏர் பேக் சில சமயம் பிரச்சினையை மறைத்துவிடுகிறது.

வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் வேறு விஷயம். இரண்டு ஸ்பிரிங் கம்பிகள் டிரெய்லரின் சட்டத்தைப் பிடித்து, மூக்கு எடையில் ஒரு பங்கை டிரக்கின் முன் அச்சுக்கும் இன்னொரு பங்கை டிரெய்லரின் சக்கரங்களுக்கும் தள்ளும். எனக்கு நடந்ததுபோல் ஸ்டீரிங் லேசாவது இதனால் சரியாகும். டிராவல் டிரெய்லர் இழுக்கிற யாரும் இது இல்லாமல் போகக்கூடாது என்பேன். ஆனாலும் பேலோடு கணக்கில் மூக்கு எடையை முழுசாகவே வைத்துக்கொள்ளுங்கள், ஹிட்ச்சின் சொந்த எடையான 80, 100 பவுண்டையும் சேர்த்து. ஹிட்ச்சைச் செருகும் ரிசீவரின் அடியிலும் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், கம்பியோடு எவ்வளவு, கம்பி இல்லாமல் எவ்வளவு என்று தனித்தனியாக.

10. ஃபிஃப்த் வீல் டிரெய்லர்ல "ஹாஃப் டன் இழுக்கலாம்"னு எழுதியே விக்கிறாங்களே?

விற்கிறார்கள். கணக்குப் போடுங்கள். ஃபிஃப்த் வீலின் முன்பக்கம் டிரக்கின் பெட்டிக்குள்ளேயே உட்காரும், எடையில் 20 சதவீதம் அளவுக்கு அங்கே இறங்கும். 10,000 பவுண்டு ஃபிஃப்த் வீல் என்றால் 2,000. பெட்டிக்குள் பொருத்தும் ஹிட்ச் 150. 3-ஆம் பதிலில் வந்த அதே குடும்பம் 470. மொத்தம் 2,620. எந்த ஹாஃப் டன் ஸ்டிக்கரில் அது இருக்கும்? ஃபிஃப்த் வீல் என்றால் ஒரு டன் டிரக், அவ்வளவுதான். ஹாஃப் டன்களில் பரவலாக வரும் ஐந்தரை அடிப் பெட்டியில் திரும்பும்போது டிரெய்லரின் மூலை கேபினின் பின் கண்ணாடியில் இடிக்கவும் வாய்ப்பு உண்டு.

11. தினமும் ஆபீஸுக்கும் அதே வண்டிதான். ஹெவி டியூட்டி எடுத்தா கஷ்டப்படுவேனா?

கொஞ்சம் படுவீர்கள். காலியாகப் போகும்போது பின்பக்கம் குதிக்கும். திரும்ப இடம் அதிகம் வேண்டும். நான்கு சக்கர இயக்கமுள்ள ஹெவி டியூட்டியின் உயரம் 80 அங்குலத்தைத் தொடும், பழைய பார்க்கிங் கட்டடங்களின் உயர வரம்பும் ஏறக்குறைய அதுதான். வாங்குவதற்கு முன் ஆபீஸ் பார்க்கிங் வாசலில் தொங்கும் பலகையையும் வீட்டு கராஜையும் அளந்துகொள்ளுங்கள். 8,500 பவுண்டைத் தாண்டிய டிரக்குக்குக் கடை ஸ்டிக்கரில் மைலேஜ் எண் போடும் கட்டாயம் இல்லை, அதனால் அங்கே தேடினாலும் கிடைக்காது. ஹாஃப் டன்னைவிடக் குறைவு என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வருஷத்தில் இரண்டே பயணம், மீதி நாள் எல்லாம் ஆபீஸ் என்றால் டிரக்கைப் பெரிதாக்காதீர்கள், டிரெய்லரைச் சிறிதாக்குங்கள். 4,500 பவுண்டு டிரெய்லரில் நான்கு பேர் நன்றாகவே தூங்கலாம்.

12. அண்ணை, நாங்கள் ஒன்டாரியோவில இருக்கிறம். ஜி லைசென்ஸோட எவ்வளவு பாரம் இழுக்கலாம்?

டிரெய்லரின் மொத்த எடை 4,600 கிலோவைத் தாண்டக்கூடாது, பவுண்டில் சுமார் 10,140. டிரக்கும் டிரெய்லரும் சேர்ந்து 11,000 கிலோவுக்குள் இருக்க வேண்டும். டிரெய்லர் 4,600 கிலோவைத் தாண்டினால் ஏ வகுப்பு உரிமம் தேவை. டிரெய்லர் 1,360 கிலோவுக்கு மேல் என்றால் அதற்குத் தனி பிரேக் கட்டாயம்.

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பல மாநிலங்களில் 3,000 பவுண்டுக்கு மேல் டிரெய்லர் பிரேக் வேண்டும். கலிஃபோர்னியாவில் டிரெய்லர் இழுத்தாலே உச்ச வேகம் 55 மைல், 10,000 பவுண்டுக்கு மேற்பட்ட டிராவல் டிரெய்லருக்கு நான்-கமர்ஷியல் கிளாஸ் ஏ உரிமம். தொழிலுக்கு இழுக்கிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மாநில எல்லை தாண்டித் தொழில் செய்தால், டிரக், டிரெய்லர் இரண்டின் உச்ச எடையும் சேர்ந்து 10,001 பவுண்டைத் தொட்டாலே மத்திய போக்குவரத்துத் துறையின் யுஎஸ்டாட் எண் வாங்க வேண்டும். 7,000 பவுண்டு ஹாஃப் டன்னும் 7,000 பவுண்டு உணவு டிரெய்லரும் சேர்ந்தாலே 14,000. கூட்டுத்தொகை 26,001-ஐத் தொட்டு, டிரெய்லரும் 10,000-க்கு மேல் என்றால் சிடிஎல், அதாவது வணிக ஓட்டுநர் உரிமம்.

13. பின்னால ரெட்டைச் சக்கரம் வேணுமா?

பெரும்பாலானோருக்கு வேண்டாம். 15,000 பவுண்டைத் தாண்டும் பெரிய ஃபிஃப்த் வீல், அல்லது குதிரை டிரெய்லர், டிரக் பெட்டிக்குள் மாட்டும் கூஸ்நெக் டிரெய்லர் என்று போகிறவர்களுக்கு மட்டும். பக்கவாட்டில் அவ்வளவு உறுதி. ஆனால் அதை நகரத்தில் நிறுத்த இடம் தேடுவது தனிப்பாடு.

14. மின்சார டிரக் எடுத்தா?

இழுக்கும் பலத்தில் குறையே இல்லை. ஆனால் பெட்டி போன்ற டிராவல் டிரெய்லரை மாட்டினால் ஓடும் தூரம் ஏறக்குறைய பாதியாகும், பல சார்ஜிங் நிலையங்களில் டிரெய்லரைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய முடியும். பக்கத்து ஏரிக்குப் படகு கொண்டுபோக நல்ல வண்டி.

15. லாரி கடந்து போறப்போ டிரெய்லர் வாலாட்டுது. பெரிய டிரக் வாங்கினா நிக்குமா?

குறையும். கனமான, நீளமான டிரக்கை டிரெய்லர் ஆட்டுவது கடினம். ஆனால் முதலில் மூக்கு எடையைப் பாருங்கள். அது 10 சதவீதத்துக்குக் கீழே போனால் எந்த டிரக்கிலும் வால் ஆடும். பேலோடு கணக்கில் தப்பிக்கலாம் என்று சிலர் சாமானை எல்லாம் டிரெய்லரின் பின்பக்கம் அடுக்குகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், இந்தப் பக்கத்தில் நான் சொன்னவற்றிலேயே மிக ஆபத்தான காரியம் அதுதான்.

ஆடத் தொடங்கிவிட்டால் டிரக் பிரேக்கை ஓங்கி மிதிக்க வேண்டாம், ஸ்டீரிங்கை எதிர்ப்பக்கம் வெட்ட வேண்டாம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, பிரேக் கன்ட்ரோலரில் இருக்கும் கைப்பிடியால் டிரெய்லரின் பிரேக்கை மட்டும் மெதுவாகப் பிடியுங்கள். டிரெய்லர் பின்னுக்கு இழுபட்டு நேராகும். அந்தக் கைப்பிடி எங்கே இருக்கிறது என்று கிளம்பும் முன் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பழகுங்கள்.

16. ஹாஃப் டன்னும் வாங்கியாச்சு, டிரெய்லரும் வாங்கியாச்சு. இப்போ படிச்சா பயமா இருக்கு. என்ன பண்ணட்டும்?

எடை போடுங்கள். நெடுஞ்சாலை டிரக் ஸ்டாப்களில் கேட் (CAT) ஸ்கேல் என்ற எடை மேடை இருக்கும், ஆர்வியும் போகலாம். குடும்பத்தோடு, சாமானோடு, டேங்க் நிரம்பிய நிலையில் போங்கள். முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் மூன்றுக்கும் தனித்தனி எண் தருவார்கள். முதல் முறை ஹிட்ச் கம்பிகளைத் தளர்த்திவிட்டு எடை போடுங்கள். அப்புறம் டிரெய்லரை ஓரமாகக் கழற்றிவிட்டு டிரக்கை மட்டும் இன்னொரு தடவை. டிரக் மட்டும் 6,150, டிரெய்லர் மாட்டியபோது இரண்டு அச்சும் சேர்ந்து 6,890 என்றால் மூக்கு எடை 740. உங்கள் ஜிவிடபிள்யூஆர் 7,000 என்றால் உள்ளே இருக்கிறீர்கள். பின் அச்சின் எண்ணையும் கதவில் எழுதியிருக்கும் பின் அச்சு வரம்போடு ஒப்பிடுங்கள், பல சமயம் முதலில் மீறுவது அதுதான்.

மீறியிருந்தால் டிரக்கை விற்க ஓட வேண்டியதில்லை. தண்ணீரைப் போய்ச் சேரும் இடத்தில் நிரப்பலாம். பின்பெட்டியில் இருக்கும் கனமான சாமானை டிரெய்லரின் அச்சுக்கு நேர்மேலே மாற்றலாம். 200 பவுண்டு மீறலை இப்படியே சரிசெய்தவர்கள் உண்டு. 600 மீறியிருந்தால் மட்டும் டிரக்கையோ டிரெய்லரையோ மாற்றத்தான் வேண்டும். நான் மாற்றினேன்.

17. எல்லாரும் இப்படித்தானே இழுக்கிறாங்க? போலீஸ் யாரும் நிறுத்தி எடை பாக்கிறதில்லையே?

உண்மைதான், சொந்த உபயோகத்துக்குப் போகிற டிரக்கை எடை போட்டுப் பார்ப்பது அபூர்வம். ஆனால் ஒரு விபத்து நடந்துவிட்டால் கதவு ஸ்டிக்கரைப் போட்டோ எடுக்க ஒரு வக்கீலுக்கு ஒரு நிமிஷம் போதும். அதையும் விடுங்கள். முன்னால் ஒரு கார் திடீரென்று நின்றால் உங்கள் பிரேக்குக்கு எல்லாரும் என்ன செய்கிறார்கள் என்பது தெரியாது, பின்னால் எவ்வளவு எடை இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். பக்கத்து சைட்டில் இருப்பவர் ஹாஃப் டன்னில் 9,000 இழுத்து வந்திருக்கலாம். அவர் அதைச் சமதரையில், காற்று இல்லாத நாளில் செய்திருக்கலாம்.

18. செகண்ட் ஹேண்ட்ல பாக்கிறேன். போய்ப் பாக்கும்போது எதை எல்லாம் கவனிக்கணும்?

நேரில் போவதற்கு முன்பே கதவு ஸ்டிக்கரை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தயங்கினால் அடுத்த டிரக்கைப் பாருங்கள். ஏழு முனை டிரெய்லர் பிளக், கம்பெனியே பொருத்திய பிரேக் கன்ட்ரோலர், டோயிங் பேக்கேஜ் இருக்கிறதா என்று பாருங்கள். பின் அச்சு விகிதம் 3.55, 3.73, 4.10 என்று எண் கூடக்கூட இழுக்க நல்லது. உயரத்தைக் கூட்டி, பெரிய டயர் மாட்டி, இரும்பு பம்பர் போட்ட டிரக்கை டோயிங்குக்கு வாங்காதீர்கள். அந்த இரும்பெல்லாம் உங்கள் பேலோடில் இருந்து கழிந்தது, ஸ்டிக்கருக்கு அது தெரியாது.

அப்படிப்பட்ட டிரக்தான் பிடித்திருக்கிறது, அல்லது பேலோடு ஸ்டிக்கர் கிழிந்திருக்கிறது என்றால் ஒரு வழி உண்டு. டேங்கை நிரப்பி, ஆட்கள் யாரும் உட்காராமல், கேட் ஸ்கேலில் ஏற்றிவிடுங்கள். வருகிற எடையைக் கதவின் இன்னொரு ஸ்டிக்கரில் இருக்கும் ஜிவிடபிள்யூஆரில் இருந்து கழியுங்கள். மிஞ்சுவதுதான் அந்த டிரக்கின் இன்றைய பேலோடு. அந்த எண்ணை வைத்துக்கொண்டு 3-ஆம் பதிலின் கணக்கை உங்கள் குடும்பத்தின் எடையில் மறுபடி போட்டுவிட்டு, அதன் பிறகு விலை பேசுங்கள்.